சங்கத்துப் பட்டியலும் ஒரு பயிலுனரும்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வகுப்பில் எல்லாப் பயிற்சியையும் முதல் ஆளாக முடிக்கிற ஒரு பிள்ளை, தொழிலிடப் பயிற்சிக்குப் போன கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு சாதாரண உறுப்பினர் பட்டியலோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டி வந்தது. அது ஏன், பிறகு அதே பட்டியல் அவளை எப்படி வேலை தெரிந்தவளாக ஆக்கியது என்பதை எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்தில் தகவல் தொழில்நுட்ப என்.வி.கியூ படிக்கிற பிள்ளைகளைத் தொழிலிடத்தில் போய்ப் பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. பிள்ளையின் பெயர், பயிற்சி நிலையம், சங்கம் எதையும் சொல்லப் போவதில்லை, ஆட்களைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பட்டியலில் இருந்த கோளாறுகளை மட்டும் உள்ளபடியே எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் வேலை நடக்கிற அலுவலகங்களின் பழைய கணினிகளில் இதே கோளாறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டத்துக்குச் சமம். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுதான் இதற்குப் பொறுப்பு. பள்ளிக்கூடச் சோதனை மாதிரி இதில் 75, 80 என்று புள்ளி கிடையாது. ஒவ்வொரு தேர்ச்சி அலகிலும் ‘தேர்ச்சி அடைந்தவர்’ அல்லது ‘இன்னும் தேர்ச்சி அடையவில்லை’, அவ்வளவுதான். நான்காம் மட்டச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்றால், பக்கத்தில் யாரும் நின்று சொல்லிக்கொடுக்காமல் தானாக வேலையை முடிக்கக்கூடிய ஆள் என்று அர்த்தம். வகுப்பு முடிந்ததும் தொழிலிடப் பயிற்சி, கூடவே செய்த வேலைகளுக்கான சான்றுக் கோவை, கடைசியில் மதிப்பீடு. எழுத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடு, நான் இதை உண்மையாகவே நம்புகிறவன். தானாக வேலை செய்யக்கூடியவர் என்ற அந்த இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுவர வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதில்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

வகுப்பில் நடந்தது

பிள்ளை மூதூர்ப் பக்கம். ஏ.எல் முடித்துவிட்டு, நகரத்தில் இருக்கிற பயிற்சி நிலையத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்து போனவள். வீட்டில் கணினி இல்லை, ஃபோன் மட்டும். ஆகவே விசைப்பலகையில் கை வைக்கிற நேரம் என்பது ஆய்வுகூடத்தில் இருக்கிற நேரம் மட்டும்தான், அதிலும் கடைசி மணித்தியாலத்தில் பஸ்ஸை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருந்தும் தட்டச்சு வேகம், கடித அமைப்பு, எக்செல் சூத்திரம் எல்லாவற்றிலும் முன்னுக்கு நின்றாள். அவள் செய்த பயிற்சிகளை வாங்கிப் பார்த்தேன். ‘ஏபிசி கம்பனி’யின் சம்பளப் பட்டியல், ஒரு வகுப்பின் புள்ளிப் பட்டியல், ஒரு கடையின் மாத விற்பனை. எல்லாம் ஆங்கிலத்தில். எல்லாம் பத்துப் பதினைந்து வரி. பெயர்கள் எல்லாம் ஒரே எழுத்துக்கூட்டலில், திகதிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரு கட்டம் கூடக் காலியாக இல்லை. ‘கூட்டுத்தொகை எடுக்க’, ‘சராசரி எடுக்க’, ‘பெயர் வரிசைப்படுத்துக’ என்று கேள்வியே எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. பிள்ளை அழுத்துகிறாள், விடை சரியாக வருகிறது, திரையைப் படம் எடுத்துக் கோவையில் போடுகிறாள்.

போதனாசிரியரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கோர்ஸுக்குள் முடிக்க வேண்டிய அலகுகள் நிறைய, கணினிகள் குறைவு, மின்சாரம் போனால் அன்றைய செய்முறை போனது. அச்சடித்த பயிற்சித் தாள் இருந்தால் இருபது பேரை ஒரே நேரத்தில் நடத்தலாம். அதனால்தான் எல்லா இடத்திலும் அந்தத் தாள்கள் ஓடுகின்றன.

சங்கத்தின் மூன்று பட்டியல்கள்

தொழிலிடப் பயிற்சிக்கு அவள் போனது நிலாவெளிக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமத்தில் இருக்கிற கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு. பெரும்பாலான பிள்ளைகள் நகரத்தில் ஒரு அலுவலகம் அல்லது ஒரு கணினிக் கடை கேட்பார்கள். இவளுக்கு உறவுக்காரர் வீடு அங்கே இருந்ததால் தங்கிப் போகலாம் என்று ஒத்துக்கொண்டாள். போனது மாரிகாலம், வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற நேரம், தொழில் குறைவு. ஆகவே நிர்வாக சபையில் இருப்பவர்களுக்கு அலுவலகத்தில் வந்து உட்கார நேரம் இருந்தது. இதை ஒரு சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம், வேறு மாதத்தில் போயிருந்தால் அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆள் இருந்திருக்காது.

சங்கத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டது ஒரு சரியான உறுப்பினர் பட்டியல். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியதைக் கரையோரத்தில் யாரும் மறக்கவில்லை, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகுகளுக்கு அதுதான் எரிபொருள். எரிபொருளுக்கோ வலைக்கோ ஒரு உதவி வருகிறது என்றால் முதலில் கேட்பது பட்டியலை. பெயர், அடையாள அட்டை இலக்கம், படகின் பதிவு இலக்கம், வங்கிக் கணக்கு. அதில் ஒரு இலக்கம் பிழைத்தால் அந்த வீட்டுக்கு உதவி போகாது, அப்புறம் அந்த மனிதர் பிரதேச செயலகத்துக்கும் வங்கிக்கும் நடையாய் நடக்க வேண்டும்.

சங்கத்தில் இருந்தவை மூன்று. ஒன்று, கையால் எழுதிய பெரிய பதிவேடு, பங்குப் பணம் கட்டிய விவரத்தோடு. இரண்டாவது, சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் ஒரு கொமினிகேஷன் கடையில் அடித்துக்கொடுத்த எக்செல் கோப்பு, தமிழ் முழுக்கப் பாமினி எழுத்துருவில். மூன்றாவது, நிர்வாக சபையில் இருக்கிற ஒரு இளைஞர் ஃபோனில் சேர்த்த பட்டியல், யுனிகோட் தமிழில், அதாவது கணினிக்குள்ளும் தமிழ் எழுத்தாகவே நிற்கிற முறையில். செயலாளர் வயதானவர், பொறுமையான மனிதர். முதல் நாளே அவளிடம், “மூன்றையும் சேர்த்து ஒன்றாக்கி, பெயர் வரிசைப்படி எடுத்துத் தாங்க பிள்ளை” என்றார். சம்பளப் பட்டியல் பயிற்சியை அரை மணித்தியாலத்தில் முடிக்கிறவளுக்கு இது எத்தனை நேரம் எடுக்கும்?

சிக்கிய இடங்கள்

முதல் இடி பெயர் வரிசையில். தலைப்பெழுத்தைத் தனி நிரலுக்கு நகர்த்திவிட்டு, கடைக்காரர் அடித்த கோப்பை வரிசைப்படுத்தினாள். வந்தது இப்படி: இந்திராணி, யசோதா, உதயன், நடராசா, கந்தசாமி, பரமசிவம், தவராசா, மகேந்திரன், அருளானந்தம், செல்வராசா, சண்முகம், வசந்தன். செயலாளர் பார்த்துவிட்டு “இது எந்த ஊர் அரிச்சுவடி பிள்ளை?” என்று கேட்டிருக்கிறார். அவளிடம் பதில் இல்லை, எக்செல் பழுது என்று நினைத்து வேறு கணினியில் முயன்றிருக்கிறாள்.

எக்செல்லில் பழுது எதுவும் இல்லை. பாமினியில் நாம் பார்க்கிற தமிழ் வெறும் தோற்றம், கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. ய என்று தெரிவது உள்ளே ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து, உ என்பது ‘சி’, க என்பது ‘எஃப்’, அ என்பது ‘எம்’. இ என்பது காற்புள்ளி, அதனால்தான் இந்திராணி எல்லோருக்கும் முன்னால் போய் நின்றார். கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படுவதால், செ என்று தொடங்குகிற செல்வராசா ச-வில் சேராமல் கொம்பின் கீழே போய்விடுகிறார். எக்செல் ஆங்கில நெடுங்கணக்குப்படி மிகச் சரியாகத்தான் வரிசைப்படுத்தியது.

இதைவிட ஆபத்தானது இன்னொன்று. எக்செல் தேடும்போது பெரிய ஆங்கில எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. பாமினியில் ச என்பது சின்ன ‘ஆர்’, சு என்பது பெரிய ‘ஆர்’. ஆகவே சதன் என்றாலும் சுதன் என்றாலும் எக்செல்லுக்கு ஒரே ஆள். பட்டியலில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு பெயரைத் தேடி அதற்கு நேரே உள்ள விவரத்தை எடுத்துத் தருகிற வி-லுக்அப் சூத்திரத்தைக் கொடுத்தால் மேலே இருப்பவரின் படகு இலக்கம் இரண்டு பேருக்கும் வந்து விழுந்தது, எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். கண்ணுக்கு எல்லாம் நிரம்பிய, அழகான பட்டியல். இந்த ஒன்றைச் செயலாளர்தான் கண்டுபிடித்தார், அவருக்கு எந்தப் படகு யாருடையது என்று தெரியும்.

ஃபோன் பட்டியலில் உள்ள பெயர்களைப் பாமினிக் கோப்பில் தேடினால் ஒன்றும் கிடைக்காது என்பது இப்போது வாசிக்கிற உங்களுக்கே விளங்கும். ஒன்று யுனிகோட், மற்றது தமிழ் மாதிரித் தெரிகிற ஆங்கிலம். இரண்டு திரையிலும் ‘தவராசா’ ஒரே மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் பொருந்தவில்லை. அவளுக்கு இதற்கான காரணத்தை யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை, ஆகவே தெரிந்த ஒரே வழியைப் பிடித்தாள்: எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்ப அடிப்பது. நான் போய்ப் பார்த்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். வேகமாக, குனிந்த தலை நிமிராமல்.

உட்கார்ந்து அவள் அடித்ததைப் பார்த்தேன். அடையாள அட்டை நிரலில் சிலருக்கு இலக்கமே இல்லை, இரண்டு, புள்ளி, பூச்சியம், அப்புறம் ‘ஈ’ போட்டுக் கூட்டல் அடையாளமும் 11-உம் நின்றன. புதிய அடையாள அட்டையில் 12 இலக்கம். எக்செல்லில் சாதாரண கட்டம் 11 இலக்கம் வரைதான் முழுதாகக் காட்டும், 12 ஆனதும் விஞ்ஞான வடிவத்துக்குச் சுருக்கிவிடும். அந்த நிலையில் எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது, கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் வந்துவிடும். ஆனால் அவள் அதை அப்படியே சி.எஸ்.வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். சி.எஸ்.வி கண்ணுக்குத் தெரிவதையே எழுதிக்கொள்ளும். அந்தப் பிரதியில் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விட்டன. தொலைபேசி இலக்கங்களில் 077-இன் முதல் பூச்சியம் காணாமல் போயிருந்தது, வங்கிக் கணக்குகளிலும் அப்படியே.

திகதியும். பதிவேட்டில் 03/07/2019 என்றால் ஜூலை மூன்று. அந்தக் கணினி அமெரிக்க வழக்கத்துக்கு அமைக்கப்பட்டிருந்ததால் அது மார்ச் ஏழு ஆனது. 25/07/2019 போன்றவை, இருபத்தைந்தாம் மாதம் கிடையாது என்பதால், திகதியாகவே எடுக்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றன. ஒரே நிரலில் சில திகதிகள் வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு அடையாளத்தைத் தெரிந்துகொண்ட பிள்ளை அதற்குப் பிறகு எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் இடமா வலமா என்றுதான் பார்க்கிறாள்.

வேலையின் போக்கு மாறியது

அவளிடம் இரண்டு விஷயம் கேட்டேன். அடித்து முடித்ததும் யாரும் விடுபடவில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? மூலக் கோப்பு எங்கே? இரண்டுக்கும் பதில் வரவில்லை, ஏனென்றால் மூலக் கோப்பின் மேலேயேதான் வேலை நடந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் பழைய பிரதி இருந்தது நல்லகாலம்.

அன்றைக்கு நிறுத்தியது தட்டச்சை. மூன்று மூலத்தையும் தொடாமல் ஒரு கோப்புறையில் போட்டுப் பூட்டி, பிரதி எடுத்து, பிரதியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடர் இலக்கம் கொடுத்தாள். எத்தனை தரம் வரிசை மாறினாலும் அந்த இலக்கத்தை வைத்துப் பழைய இடத்துக்குத் திரும்பலாம். பிறகு பதிவேட்டை எடுத்து ஆட்களின் தொகையையும் பங்குப் பணத்தின் மொத்தத்தையும் தனித் தாளில் எழுதினாள். இது பொருளாளர்கள் காலங்காலமாகச் செய்து வருகிறதுதான்: விவரம் எங்கே பிழைத்தாலும் மொத்தம் காட்டிக்கொடுக்கும். முதல் ஒப்பீட்டில் மொத்தம் பொருந்தவில்லை. பொருந்தாத தொகையைத் தேடிப் போனபோது, தகப்பனுக்குப் பதிலாக மகன் பெயரில் தொடர்ந்த ஒரு பங்கு இரண்டு தரம் பதிவாகியிருந்தது தெரிந்தது. எக்செல்லில் எத்தனை சூத்திரம் போட்டாலும் அதைச் சொல்லியிருக்காது.

பாமினியை யுனிகோடாக மாற்றுவதற்கு இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன. முழு அட்டவணையையும் அள்ளி ஒட்டினால் ஒரு நொடியில் எல்லாம் தமிழாகிவிடும், அங்கேதான் அடுத்த பொறி. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ‘வி’ அல்லது ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. பாமினியில் பெரிய ‘வி’ என்பது ஏ, பெரிய ‘எக்ஸ்’ என்பது ஓ. மாற்றி வேலை முடித்ததும் எல்லோருடைய அடையாள அட்டையும் ஏ-யில் முடிந்தது, சிலருக்கு ஓ. படகு இலக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளும் தமிழாகி விளங்காத சொல் ஆகின. ஆகவே பெயர் நிரல், முகவரி நிரல் மட்டும் தனியாக எடுத்து மாற்றி, தொடர் இலக்கத்தை வைத்துத் திரும்பப் பொருத்தினாள். ஒட்டுவதற்கு முன்னால் அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு நிரல்கள் மூன்றையும் ‘எழுத்து’ வடிவத்துக்கு மாற்றியாயிற்று. அந்த வரிசை முக்கியம், ஒட்டிய பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது.

அடுத்தது பெயரால் பொருத்துவதைக் கைவிட்டது. கந்தசாமி, கந்தசுவாமி, கந்தசாமிப்பிள்ளை மூன்றும் ஒரே மனிதராக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். அடையாள அட்டைதான் நம்பகமான சாவி. ஆனால் பதிவேட்டில் பழைய இலக்கம், ஃபோன் பட்டியலில் சிலருக்குப் புதிய இலக்கம். 1900-களில் பிறந்தவர்களுக்குப் பழையதிலிருந்து புதியதை எடுக்க ஒரு ஒழுங்கு உண்டு: முன்னால் 19, பிறகு பழைய இலக்கத்தின் முதல் ஐந்து, ஒரு பூச்சியம், பிறகு மீதி நான்கு, கடைசி ஆங்கில எழுத்தை விட்டுவிட வேண்டும். மொத்தம் 12. இதை அவளே மூன்று சூத்திரங்களை ஒட்டிச் செய்தாள், யாரும் விடை சொல்லவில்லை. செய்து முடித்ததும் ஒரே ஆள் இரண்டு தரம் இருந்த இடங்கள் வரிசையாக வெளியே வந்தன. நடுவில் இருக்கிற மூன்று இலக்கம் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும் என்று தெரிந்ததும், ஆண் பெயருக்கு நேரே 500-க்கு மேல் வந்த வரிகளையும் பிடித்தாள். கணவனின் பெயருக்கு நேரே மனைவியின் அடையாள அட்டை எழுதப்பட்ட வீடுகள் அவை.

இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகமான வரிகளை அவள் தானாகத் திருத்தவில்லை. தனித் தாளில் எழுதி, வரி இலக்கம், என்ன பிரச்சினை, யாரிடம் கேட்டது, என்ன பதில், யார் சொல்லித் திருத்தியது என்று நிரல் போட்டு, செயலாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடித்தாள். சில வீடுகளுக்கு ஆள் அனுப்பி அட்டையையே வாங்கிப் பார்த்தார்கள். தொழில்நுட்பத் திறன் என்று எதைச் சொல்கிறோம் என்று என்னைக் கேட்டால், அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சரிவராத ஒன்றும் இருக்கிறது. பட்டியல் ஒழுங்கானதும் அவளுக்கு உற்சாகம் வந்து, தரவுத்தள மென்பொருளில் படிவம், பொத்தான் எல்லாம் வைத்து ஒன்று கட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சங்கத்துக் கணினியில் அந்த மென்பொருள் இல்லை, செயலாளரும் பொருளாளரும் எக்செல் தாளைத் தாண்டி எதையும் தொட விரும்பவில்லை. அது வகுப்புச் சான்றாகக் கோவையில் போனது, சங்கத்தில் எக்செல்லே நின்றது. சங்கம் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன்.

கோவையில் என்ன போடுவது

வழக்கமாகச் சான்றுக் கோவை என்றால் கணினித் திரையை எடுத்த படங்களின் அடுக்கு. இவளுடைய முதல் கோவையிலும் அப்படித்தான், அதுவும் உறுப்பினர்களின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியே தெரிய. செயலாளர் இதைக் கண்டதும், “சனம் நம்பித் தந்த விவரம், இது வெளியே போகக் கூடாது பிள்ளை” என்று மறித்தார். அவர் சட்டம் படித்தவர் அல்ல, ஆனால் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுதான். பயிற்சி நிலையங்களில் அலுமாரி அலுமாரியாகக் கிடக்கிற கோவைகளில் எத்தனை பேருடைய அடையாள அட்டைகள் இருக்கும் என்று யோசித்தால் மனம் பதறுகிறது. கடைசியில் அவள் பெயர்களையும் இலக்கங்களையும் மாற்றிய ஒரு மாதிரிப் பட்டியல் தயாரித்து, கோளாறுகளை மட்டும் அப்படியே வைத்து, அதில் செய்துகாட்டினாள். சங்கத்தின் கடிதம் ஒன்று உண்மையான வேலைக்குச் சாட்சி.

அப்படிச் சேர்த்துப் பார்த்தபோது இந்த ஒரு வேலையிலேயே பல அலகுகளுக்குச் சான்று இருந்தது. கோப்பு நிர்வாகம், அட்டவணை, இணையம், மின்னஞ்சல், நிர்வாக சபைக்கு எழுதிய விளக்கக் கடிதம், பொதுக்கூட்டத்தில் காட்டிய சில விளக்கத் தாள்கள். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் இல்லை, உண்மையான வேலைக்கு எங்கே போவது என்று போதனாசிரியர்கள் கேட்கிறார்கள். அலகுக்கு ஒரு பயிற்சித் தாள் என்று தனித்தனியாகக் கொடுப்பதைவிட இது நேரம் மிச்சம் என்று இப்போது தயங்காமல் சொல்வேன்.

மதிப்பீட்டு நாளில் கேட்ட கேள்விகளில் ஒன்று, யாரும் விடுபடவில்லை என்று எப்படித் தெரியும் என்பது. அவள் மொத்தங்கள் எழுதிய தாளையும் சந்தேக வரிகளின் தாளையும் எடுத்து வைத்து, சதன்-சுதன் கதையைச் சொல்லி, கணினியிலேயே செய்துகாட்டினாள். தேர்ச்சி கிடைத்தது.

அதற்குப் பிறகு

அந்த மாதிரிப் பட்டியல் இப்போது அவள் படித்த நிலையத்தில் பயிற்சித் தாளாக ஓடுகிறது. போதனாசிரியர் அதில் இன்னும் சில கோளாறுகளைச் சேர்த்திருக்கிறார்: பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்ற சொல், ஒன்றாக்கப்பட்ட கட்டங்கள். பிள்ளைகளுக்கு எந்தப் பொத்தான் என்று சொல்வதில்லை. கடிதம் ஒன்று மட்டும் தருகிறார், ஒரு சங்கச் செயலாளர் எழுதுகிற மாதிரி. முதல் நாள் வகுப்பில் சத்தமே வராது, அடுத்த நாள் ஆளுக்கொரு வாதம் நடக்கும் என்கிறார். கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு தம்பி இலக்கங்களை எழுத்தாக வைப்பதா எண்ணாக வைப்பதா என்று அவரோடேயே வாதாடி வென்றிருக்கிறான்.

தமிழ்த் தட்டச்சில் இன்னும் ஒரு முடிவு வேண்டும். இலங்கையின் தர விசைப்பலகை ரெங்கநாதன், அது பழைய தட்டச்சு இயந்திரத்தின் வரிசையை ஒட்டியது, பாமினி பழகிய கைக்கு அந்நியமாக இராது. ஆனால் பிள்ளைகள் ஃபோனில் ஆங்கில ஒலிப்பில் அடித்துப் பழகியிருக்கிறார்கள், அலுவலகங்களில் இன்னும் பாமினி கேட்கிறார்கள். எதை அடித்தாலும் யுனிகோடாக அடிக்க வேண்டும், பாமினிக் கோப்பு வந்தால் பிழையில்லாமல் மாற்றத் தெரிய வேண்டும், இவை இரண்டையும் கட்டாயமாக்கினால் போதும் என்பது என் கருத்து. வேகத்தைப் பிறகு பார்க்கலாம்.

அந்தக் கொமினிகேஷன் கடைக்காரரையும் இதில் விட்டுவிட முடியாது. பதினைந்து இருபது ஆண்டுகளாக நகரத்தின் பாதிக் கடிதங்களையும் மனுக்களையும் அடித்தவர், எந்தத் திணைக்களம் எந்தப் படிவத்தை எப்படிக் கேட்கும் என்று மனப்பாடம், கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. பட்டியல் விஷயமாக அவரோடு பேசப்போய், முன் அனுபவத்தை அங்கீகரித்து என்.வி.கியூ கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். வகுப்புக்கு வரத் தேவையில்லை, செய்த வேலைகளைச் சான்றாகக் காட்டி மதிப்பீட்டுக்கு நிற்கலாம். அவர் இப்போது வாடிக்கையாளர்களின் பெயர்களை மறைத்துத் தன் பழைய கோப்புகளைச் சேர்க்கிறார், யுனிகோடுக்கு மாறவும் தொடங்கியிருக்கிறார். நம்முடைய பிள்ளை வாரக் கடைசியில் அவருக்கு எக்செல் சொல்லிக்கொடுக்கிறாள், அவர் அவளுக்கு அலுவலகக் கடித நடையைத் திருத்திக் கொடுக்கிறார்.

சங்கத்தில் பொருளாளர் புதிய உறுப்பினரைச் சேர்க்கவும் மொத்தத்தை ஒப்பிடவும் பழகிவிட்டார். மாதக் கடைசியில் ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி சங்கத்தின் மின்னஞ்சலில். அடையாள அட்டை மாறுகிறவர்களின் இலக்கத்தைப் புதுப்பிக்க மட்டும் இன்னும் அவளுக்குத்தான் ஃபோன் அடிக்கிறார்கள். அடுத்த தொகுதியிலிருந்து ஒரு பிள்ளையை அதே சங்கத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். இம்முறை மண்ணெண்ணெய்க் கணக்கையும் கடன் கணக்கையும் கணினியில் ஏற்ற வேண்டுமாம்.